எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனுக்கு எந்த ஆம்ப்? கும்பகோணத்துக் கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேட்டவர் கும்பகோணத்துக்காரர். சிங்கப்பூரில் இருக்கும் மாமா தன்னுடைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை, ஜப்பானிய நிறுவனமான ஸ்டாக்ஸின் எஸ்ஆர்-எல்700 மார்க் 2ஐ, இவருக்குக் கொடுத்துவிட்டார், அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) மட்டும் கூடவே வரவில்லை. வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஆம்ப் ஒன்று இருக்கிறது. அப்பா தவில் வாசித்தவர் என்பதால் கச்சேரி கேசட்டுகளுக்குக் குறைவில்லை. எத்தனை வாட் வேண்டும், வால்வு நல்லதா டிரான்சிஸ்டர் நல்லதா, வீட்டில் இருக்கும் ஆம்ப்பையே ஏதாவது செய்து பயன்படுத்தலாமா, ஜப்பானில் மலிவாகக் கிடைப்பதை வரவழைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் வாட் கணக்கை மறந்துவிடுங்கள். சாதாரண ஹெட்போனில் காந்தத்துக்கு நடுவே ஒரு காயில் ஆடுகிறது. உங்களிடம் இருப்பதில் காயிலும் கிடையாது, காந்தமும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்கு இரண்டு பக்கமும் துளை போட்ட உலோகத் தகடுகள், அவ்வளவுதான். படலத்தின் மேல் 580 வோல்ட் டிசி எந்நேரமும் ஏற்றப்பட்டிருக்கும். இதைத்தான் பயாஸ் என்கிறார்கள். பாட்டு போவது தகடுகளுக்கு. ஒன்றில் வோல்டேஜ் ஏறும்போது எதிர்த் தகட்டில் அதே அளவு இறங்கும், நடுவில் இருக்கும் படலம் ஒரு பக்கம் இழுக்கப்பட்டு மறுபக்கம் தள்ளப்படும். ஆகவே இதற்கான ஆம்ப் இரண்டு வேலை செய்ய வேண்டும்: 580 வோல்ட் பயாஸ் கொடுக்க வேண்டும், பாட்டைச் சில நூறு வோல்ட்டுக்கு உயர்த்திக் கொடுக்க வேண்டும். போன் ஜாக்கிலோ சாதாரண ஹெட்போன் ஆம்ப்பிலோ இது நடக்காது. 5 பின் உள்ள அந்தப் பிளக்கே அங்கே நுழையாது.

எத்தனை வோல்ட் வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. எல்700க்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபல் சத்தம் வரும் என்கிறது ஸ்டாக்ஸ் கொடுக்கும் விவரம். வோல்டேஜ் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடும், பாதியானால் 6 குறையும். நீங்கள் நிதானமாகக் கேட்கும் அளவு 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பதிவில் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபல் போகும் என்றால் 95. அதற்கு 50 வோல்ட் போதும். தனி ஆவர்த்தனத்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி கேட்க வேண்டும் என்று ஏற்றினாலும், 107 டெசிபல் உச்சத்துக்கு 200 வோல்ட்தான் தேவை. ஸ்டாக்ஸின் சிறிய மேசை ஆம்ப்பான எஸ்ஆர்எம்-252எஸ் அதிகபட்சம் 280 வோல்ட் கொடுக்கும். 353எக்ஸ் 400 வோல்ட், 727 இரண்டாம் பதிப்பு 450, டி8000 என்ற பெரியது 470. 280க்கும் 470க்கும் இடையே இருப்பது நாலரை டெசிபல்தான். விலையிலோ பல மடங்கு வித்தியாசம்.

அப்படியானால் சின்னதையே வாங்கிவிடலாமா? வோல்ட் மட்டும் பேச்சாக இருந்தால் வாங்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத இன்னொரு விஷயம் இருக்கிறது.

இரண்டு தகடுகளும் நடுவில் படலமும் சேர்ந்தால் அது ஒரு கெபாசிட்டர், அதாவது சார்ஜைச் சேர்த்து வைக்கும் பாகம். எல்700 ஒரு பக்கத்துக்குக் கேபிளோடு சேர்த்து 110 பிகோஃபாரட். கெபாசிட்டரின் குணம், சுருதி ஏற ஏற அது கேட்கும் கரண்ட்டும் ஏறும். 10 கிலோஹெர்ட்ஸில் இந்த ஹெட்போன் காட்டும் தடை 145 கிலோ ஓம். 20 கிலோஹெர்ட்ஸில் அதில் பாதி. 100 வோல்ட்டை 10 கிலோஹெர்ட்ஸில் தள்ள முக்கால் மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். ஆனால் 400 வோல்ட்டை 20 கிலோஹெர்ட்ஸில் தள்ள ஐந்தரை மில்லி ஆம்பியர் வேண்டும், உச்சத்தில் எட்டைத் தொடும். கேட்க அற்பமாகத் தெரியும். 400 வோல்ட் நிற்கும் இடத்தில் அவ்வளவு கரண்ட்டைச் சும்மா இருக்கும்போதும் ஓடவிட்டுக்கொண்டிருப்பது அற்பமில்லை. ஆம்ப் சுடுவது அதனால்தான். மேட்டூரில் நீர்மட்டம் உயர்ந்தால் மட்டும் போதாது, வாய்க்காலில் கடைமடை வரைக்கும் வேகமாக ஓடியும் வர வேண்டும் இல்லையா, அதே கதை.

இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், நீங்கள் கேட்கப்போவது நாகஸ்வரக் கச்சேரி. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் உச்ச சுருதிகளில் பெரும்பாலும் சக்தி குறைவாகவே இருக்கும், அதனால் கரண்ட் பஞ்சம் உள்ள ஆம்ப்பும் தப்பித்துக்கொள்ளும். நம் மேளத்தில் தாளக்காரர் இருக்கிறார். வெண்கலத் தாளம் மோதும்போது எழும் 'ணங்' என்ற ஒலி உச்ச சுருதிகளால் நிறைந்தது, அதுவும் ஒவ்வொரு அட்சரத்துக்கும் விழுவது. அதோடு தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும் சத்தமும் சேரும். பஜனையில் ஜால்ராவும் இதே ரகம். ஆம்ப்பைச் சோதிக்க ஆங்கிலப் பாடல் தேட வேண்டாம். சுத்தமாகப் பதிவான ஒரு மல்லாரியைப் போட்டு, வழக்கமாகக் கேட்பதைவிடக் கொஞ்சம் ஏற்றி, தாளத்தை மட்டும் கவனியுங்கள். மோதிய பிறகு ஓசை நீண்டு மெலிந்து மறைந்தால் சரி. மோதும் இடத்தில் சலசலவென்று உடைந்து, பின்னால் வர வேண்டிய நாதம் காணாமல் போனால் ஆம்ப் மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பதிவையோ, சபா மிக்ஸரில் ஏற்கெனவே உடைந்த பதிவையோ வைத்து ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். ஃபைலைக் கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். மேல் முனை கத்தரித்த மாதிரி தட்டையாக இருந்தால் கோளாறு பதிவில்.

மாடல்களுக்கு வருகிறேன். எல்700க்கு என் தேர்வு எஸ்ஆர்எம்-353எக்ஸ், அல்லது அதற்கடுத்து வந்த 400எஸ். இரண்டும் முழுக்க டிரான்சிஸ்டர் ரகம், வோல்ட்டும் கரண்ட்டும் இந்த ஹெட்போனுக்குத் தாராளம். 252எஸ் மோசமில்லை. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும், சூடாவதும் குறைவு. மெதுவான சத்தத்தில் வீணையோ வாய்ப்பாட்டோ கேட்பவருக்கு அதுவே போதும். ஆனால் மேளம் என்று வந்தால் அதன் மேல் பகுதி சற்று மங்கியே எனக்குக் கேட்கிறது. முதலில் அதை வாங்கிவிட்டு அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்தப் பணம் வீண்.

இதற்கு மேலே உள்ளவை வேறு ஹெட்போன்களுக்காக. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்-007 என்று 1998ல் வந்த ஒன்று இன்றும் பேர் பெற்றது. சிறிய ஆம்ப்பில் போட்டால் தூங்குகிற மாதிரி இருக்கும், பெரிய ஆம்ப்பில் எழுந்து உட்காரும். அதற்காகத்தான் கெவின் கில்மோர் வடிவமைத்த ப்ளூ ஹவாய், கேஜிஎஸ்எஸ்எச்வி போன்ற ஆம்ப்களைத் தேடிப் போகிறார்கள். ப்ளூ ஹவாயை ஹெட்ஆம்ப் நிறுவனம் செய்து விற்கிறது, வெளியீட்டில் 4 இஎல்34 வால்வுகள். எஸ்ஆர்-009, எக்ஸ்9000 வாங்குகிறவர்களும் அந்தப் பக்கம் போவது நியாயம். உங்கள் எல்700க்கு அந்தப் பணத்தைப் போடுவது என் கணக்கில் தப்பு. மாமா அடுத்த தடவை 007 கொடுத்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

வால்வா, டிரான்சிஸ்டரா? இதில் சண்டை ஓயாது. ஸ்டாக்ஸ் 006டி, 007டி வரிசையில் 6எஃப்க்யூ7 வால்வுகள் வெளியீட்டில் இருக்கின்றன, 700டியில் 6எஸ்என்7. குரலுக்கு இவை கொடுக்கும் மென்மை உண்மைதான், நாகஸ்வரத்தின் காரமும் கொஞ்சம் தணியும். ஆனால் 006, 007 வரிசையில் வெளியீட்டு வால்வுக்குச் சுமையாக ரெசிஸ்டரைப் போட்டிருக்கிறார்கள். வால்வு கொடுக்கும் கரண்ட்டில் ஒரு பங்கை அந்த ரெசிஸ்டரே தின்றுவிடும், உச்ச சுருதியில் ஹெட்போனுக்கு மிஞ்சுவது குறையும். மேலே சொன்ன தாளச் சோதனையில் இவை தடுமாறுவது இதனால்தான். கைதேர்ந்தவர்கள் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நிலையான கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்டை வைத்து இதைச் சரிசெய்கிறார்கள். டி8000 வேறு வழியில் போகிறது: உள்ளீட்டில் 2 வால்வு, வெளியீடு டிரான்சிஸ்டர்.

ஒலியை விடுங்கள், சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத மாடி அறையில், காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வால்வு ஆம்ப்பையும் எரியவிட்டு யார் கேட்பது? கூடவே, ஜப்பானில் 25 டிகிரியில் சுகமாக இருக்கும் கெபாசிட்டர்கள் நம் ஊரில் மூடிய அலமாரிக்குள் சீக்கிரம் காய்ந்துபோகும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் கிளாஸ் ஏ, அதாவது சும்மா இருக்கும்போதும் கரண்ட் ஓடும் ரகம் என்பதால் சுடத்தான் செய்யும், ஆனால் தாங்கும். எதுவானாலும் திறந்த மேசையில் வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் ஆம்ப்பைப் பயன்படுத்த வழி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி என்று சொல்லலாம். ஸ்டாக்ஸே பழைய நாளில் எஸ்ஆர்டி-7 என்ற பெயரில் விற்றது, ஐஃபை நிறுவனத்தின் ப்ரோ ஐஇஎஸ்எல்லும் அதே தத்துவம். ஸ்பீக்கர் வயரை அதில் கொடுத்தால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை உயர்த்தும், பயாஸையும் அதுவே கொடுக்கும். 8 ஓமுக்கு 50 வாட் கொடுக்கும் ஆம்ப் உண்மையில் 20 வோல்ட் கொடுக்கிறது. இருபது மடங்கு உயர்த்தினால் 400 வோல்ட். காகிதத்தில் பிரமாதம். எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரின் தரத்தில் இருக்கிறது. நல்லதாக இல்லாவிட்டால் மேல் சுருதியும் அடித்தளமும் இரண்டுமே சுருங்கும். பழைய எஸ்ஆர்டி-7 வாங்குவதானால் இரண்டு விஷயம் பாருங்கள். அதில் ப்ரோ என்று குறித்த 5 பின் சாக்கெட் இருக்க வேண்டும். 6 பின் மட்டும் உள்ளது பழைய 230 வோல்ட் பயாஸுக்கானது. அந்தப் பயாஸில் உங்கள் ஹெட்போன் 8 டெசிபல் சத்தம் குறைந்து சோகையாகக் கேட்கும். அடுத்து, இடது வலது நெகட்டிவ் இரண்டும் பெட்டிக்குள் இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இணைந்திருந்தால் பிரிட்ஜ் முறையில், அதாவது நெகட்டிவ் முனையிலும் சிக்னல் வரும்படி ஓடும் ஆம்ப்பை, குறிப்பாக இப்போது வரும் கிளாஸ் டி போர்டுகள் பலவற்றை, அதில் மாட்டக் கூடாது, ஆம்ப் போய்விடும். செலவைக் குறைத்துக்கொண்டு நிதானமாகத் தேட நேரம் இருந்தால் இந்த வழி மோசமில்லை.

ஜப்பான் சரக்கு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அவர்கள் நாட்டிலேயே ஒரு பாதியில் 50 ஹெர்ட்ஸ், மறுபாதியில் 60 என்பதால் ஹெர்ட்ஸ் பிரச்சினை கிடையாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், நிலைப்படுத்தாது. குறுவைக்கு நாற்று விடும் சமயத்தில் சுற்றிலும் பம்ப்செட் ஓடினால் லைன் 190க்கு இறங்குவதும், ராத்திரி எல்லாம் நின்றதும் 250க்கு ஏறுவதும் டெல்டாவில் கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிதில்லை. 190 வந்தால் ஆம்ப்புக்குக் கிடைப்பது 83 வோல்ட். 250 வந்தால் 109. ஆம்ப்பை 230 வோல்ட் ரகமாகவே வாங்கிவிடுங்கள், சிங்கப்பூரிலும் அதே 230 என்பதால் மாமாவிடம் சொன்னாலே வேலை முடிந்தது. வாங்கும்போது பின்பக்க லேபிளை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே கம்பியை மாற்றி 230 ஆக்கித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் ஒதுங்கிவிடலாம்.

ஆம்ப்புக்கு முன்னால் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் ப்யூர் சைன் வேவ் மட்டுமே. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் தம்பூராவுக்குப் போட்டியாக வரும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ள பெட்டியைத் தலையோடு இணைக்கப்போகிறீர்கள், இதில் சிக்கனம் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவுங்கள். ஆம்ப்போடு சேர்ந்திருக்கும் கணினிக்கு நெட் கேபிள் வருகிறது என்றால் அதையும்.

அந்த மாதங்களில் இன்னொரு எதிரி ஈரம். படலத்தில் நிற்க வேண்டிய சார்ஜ் ஈரக் காற்றில் கசியும். ஒரு பக்கம் சத்தம் குறைவது, 'கீ' என்று மெல்ல ஊளையிடுவது எல்லாம் அதன் வேலை, பலரும் ஆம்ப் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்குகிறார்கள். முதலில் ஹெட்போனைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சந்தேகம் தீரவில்லையா, சோர்ஸிலிருந்து வரும் இடது வலது வயரை மாற்றிப் போடுங்கள். குறை அதே காதில் நின்றால் ஆம்ப்பிலோ ஹெட்போனிலோ கோளாறு. காது மாறினால் அதற்கு முன்னால். தையில் சம்பா அறுப்பு தொடங்கியதும் தூசி. சார்ஜ் உள்ள படலம் தூசியை வாவா என்று அழைக்கும். கேட்டு முடித்ததும் மேசையில் திறந்து போடாமல் மூடி வையுங்கள்.

ஆம்ப்பை எங்கே வைப்பது என்பதும் சொல்ல வேண்டும். அந்த 110 பிகோஃபாரட்டில் கேபிளுக்கும் பங்கு உண்டு. எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டினால் சுமை கூடும், ஆம்ப் ஒரு படி சிறுத்துவிடும். சென்ஹைசர் நிறுவனம் தன் எச்இ 1 ஹெட்போனில் கடைசி ஆம்ப் நிலையைக் காது கிண்ணத்துக்குள்ளேயே வைத்ததற்கு இதுதான் காரணம். நமக்கு அதெல்லாம் வேண்டாம், நாற்காலிக்குப் பக்கத்தில் ஆம்ப்பை வைத்தால் போதும்.

வால்யூம் திருகு கால் சுற்றிலேயே சத்தம் பலமாக வருவதைப் பார்த்து ஆம்ப் ஏராளமான சக்தி உள்ளது என்று நினைக்க வேண்டாம். 353எக்ஸ் வரும் சிக்னலை ஆயிரம் மடங்கு உயர்த்தும். டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் கருவி) கொடுக்கும் 2 வோல்ட்டை முழுதாக விட்டால் 2000 வோல்ட் ஆக வேண்டும், ஆம்ப் 400க்கே நின்றுவிடும். ஆகவே திருகின் முதல் பாதிக்குள்தான் உங்கள் வாழ்க்கை. அந்த இடத்தில் மலிவான திருகுகளில் இடது வலது சமமாக இருக்காது. பழையது வாங்கினால் மிக மெதுவான சத்தத்தில் பாடகர் நடுவில் நிற்கிறாரா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஆம்ப் வாங்கியதும் பலர் செய்யும் ஒரு காரியம், பயாஸ் பின்னில் மல்டிமீட்டரை வைத்து அளப்பது. சுமார் 390 வோல்ட் காட்டும். ஏமாந்துவிட்டோம் என்று பதறுவார்கள். பயாஸ் ஒரு ஐந்து மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது, மீட்டரோ 10 மெகா ஓம். இரண்டும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்வதால் மூன்றில் இரண்டு பங்குதான் மீட்டரில் தெரியும். 390 காட்டினால் உங்கள் 580 பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் பயாஸால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பாட்டு வரும் மற்ற பின்களும், மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களும் அப்படியல்ல. பிளக்கை உருவிய பிறகும் அவை சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பழைய பிக்சர் ட்யூப் டிவி பார்த்த மெக்கானிக் இன்னும் உங்கள் தெருவில் இருந்தால் அவர் கைக்கு இது பழகிய வேலை. செல்போன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஹெட்போனை மாட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் ஆம்ப்பை அணைத்துவிட்டு.

கடைசியாக அப்பாவின் கேசட்டுகள். இந்த ஹெட்போன் எதையும் மறைக்காது, டேப்பின் 'ஷ்ஷ்' முழுதாகக் கேட்கும். அதற்கு ஆம்ப்பில் மருந்தில்லை. டெக்கின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகை மிக மெல்லத் திருப்பி, தாளம் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் அந்த இடம் மாறும். மோனோ பதிவாக இருந்தால் இரண்டு காதையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டு வைப்பது இன்னும் துல்லியம். ஆம்ப் வந்து சேர எப்படியும் நாளாகும். அதற்குள் இந்த வேலையைச் சாதாரண ஹெட்போனிலேயே முடித்து, கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிடலாம்.